நாக்குக்கு அடியில் ஒரு நூல்

என் கணவரின் அக்கா திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டில் மூடி இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர். ஊசியில் நூல் கோக்கும்போது மற்றவர்கள் நூல் முனையை நாக்கில் வைத்து நனைத்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் விரல் நுனியை மூடித் தண்ணீரில் தொட்டு, அந்த ஈரத்தில் நூலை முறுக்குவாள். கடையில் அவளுக்குச் 'சுத்தக்காரி' என்று பட்டப்பெயர். எச்சில் படாமல் தைக்கிறாளாம். வாடிக்கையாளர்களிடம்கூட முதலாளி இதைப் பெருமையாகச் சொல்வார்.

சுத்தமும் இல்லை, கித்தமும் இல்லை. அப்போதெல்லாம் அவளால் நாக்கை வெளியே நீட்ட முடியாது. அவ்வளவுதான் விஷயம். நாற்பது வயது மனுஷியின் நாக்கு கீழ்ப்பல் வரிசையைத் தாண்டாது. நாக்குக்கு அடியில் எல்லாருக்கும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதே, அது அவளுக்குக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்து, நாக்கு நுனியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் இதை 'டங் டை' என்கிறார்கள். எங்கள் வீட்டில் 'நாக்கு ஒட்டு' என்பார்கள். அப்படி ஒரு பேச்சு அந்த வீட்டில் உண்டு என்பதே எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. "அவளுக்குப் பேச்சு தெளிவில்ல" என்று சொல்லத் தெரிந்த அத்தனை பேரில் ஒருத்தருக்குமா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை என்று அதுவரை ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து கண்ணாடி ஓட்டை வழியாக நாள் முழுக்கக் கத்துகிறவள். எனக்குக் கோபம் வந்தால் குரலில் தெரிந்துவிடும். இதை எழுதும்போதும் தெரியும். தெரியட்டும்.

அக்கா பேசுவதை இங்கே நான் எல்லாரும் பேசுவது போலத்தான் எழுதப் போகிறேன். அவள் வாயில் அது வேறு மாதிரி வரும். சூடாக எதையோ வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, சில எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே எழுதிச் சிரிப்பு மூட்ட எனக்கு மனசில்லை. சிரித்தவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்தாயிற்று. காது கொடுத்துக் கேட்டால் அவள் பேச்சில் புரியாத வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் தினமும் அவளை எழுப்பி நிற்க வைத்து, "வாய்க்குள்ள என்ன வச்சிருக்க? சரியா வர்ற வரைக்கும் படி" என்று ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பாராம். சோம்பேறித்தனம் என்பது அந்த டீச்சரின் தீர்ப்பு. வகுப்பே சிரிக்கும். கொஞ்ச நாளில் அக்கா படிப்பதை நிறுத்தினாள், கேள்வி கேட்பதை நிறுத்தினாள், பிறகு பேசுவதையே முக்கால்வாசி நிறுத்திவிட்டாள். வேடிக்கை என்னவென்றால், அவள் வாயை மூடிக்கொண்டதும் ஊரில் நல்ல பெயர் வந்துவிட்டது. அதிர்ந்து பேசாத பெண். அடக்கமான பெண். வாயில்லாப் பூச்சி. "எங்க வீட்டுப் பொண்ணு வாயத் தொறந்து நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்று என் மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். ஒருத்தி வலியை மென்று முழுங்குவதைக் குடும்பத்தின் கௌரவம் என்று சொல்லித் திரிந்த மனிதரை நான் என்னவென்று சொல்ல?

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அக்கா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிப்பது என் மாமியார்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மூன்று பேரும் துணிக்கடைக்குப் போனோம். அக்கா ஒரு நீலத் துணியின் மேல் கையை வைத்து, "எனக்கு அந்த..." என்று தொடங்கினாள். அத்தை உடனே, "பச்சைதானே? தம்பி, இவளுக்கு அந்தப் பச்சையக் கட்டி வைங்க" என்றார். அக்காவின் கை நீலத்தின் மேல்தான் இருந்தது. கடைக்காரர் பச்சையைக் கட்டினார். அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, "என்னக்கா, உங்களுக்குப் பச்சைன்னா அவ்ளோ புடிக்குமா?" என்று கேட்டேன். அவள் பீரோவைத் திறந்து காட்டினாள். உள்ளே முழுக்கப் பச்சை. இலைப் பச்சை, பாசிப் பச்சை, கிளிப் பச்சை.

"எனக்குப் பச்சையே புடிக்காது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா நிறத்துத் துணியும் நாள் முழுக்கக் கையில் புரள்கிற ஒருத்தி, தனக்குப் பிடித்த ஒரு நிறத்தை உடுத்தாமலே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள்.

சாப்பிடும்போது அவள் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள். கன்னத்துக்குள் ஒதுங்கும் சாப்பாட்டை நம் நாக்கு தானாகத் துழாவி எடுத்துவிடும். அவள் விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். கூச்சக்காரி என்றார்கள். சாயங்காலமானால் தாடை வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். கடையில் நாள் முழுக்கக் குனிந்து தைப்பதால் வருகிற வலி என்றார்கள். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

பிறகு எனக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். பல்லில்லாத வாய்தான், ஆனால் இடுக்கியால் பிடித்த மாதிரி வலித்தது. புண்ணாகி ரத்தம் வந்தது. குழந்தை பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். குடிக்கும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும், கடைவாயில் பால் ஒழுகும். அவ்வளவு நேரம் போராடிக் களைத்துத் தூங்கி, கண்ணை மூடின கொஞ்ச நேரத்திலேயே பசித்து அலறும். எடை ஏறவில்லை. எடை பார்க்கிற இடத்தில் இருந்தவர் முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உனக்குப் பால் பத்தலம்மா" என்றார் அத்தை.

"பால் ஒழுகி ரவிக்கையெல்லாம் நனையுது, பத்தலன்னு சொல்றீங்களே?"

"எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும். நாங்கல்லாம் பெத்து வளக்கலையா?"

வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் எல்லாருக்கும் வலிக்கும் என்பதுதான் பதிலா? எல்லாருக்கும் வலித்தால் அது வலி இல்லை என்று ஆகிவிடுமா? கேட்டேன். அத்தை சமையலறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அக்கா வேலை முடிந்து வந்து, எனக்கு ஒத்தடம் கொடுக்கத் துணியை வெந்நீரில் நனைத்து எடுத்து வந்தாள். குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு போய்க் கையைக் கழுவி வந்து, சுண்டு விரலைக் குழந்தையின் நாக்குக்கு அடியில் மெல்லக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். நாக்கு எழும்பவில்லை. நுனி நடுவில் உள்வாங்கி, இரண்டு மேடாகப் பிரிந்து நின்றது. அடியில் விறைப்பாக வெள்ளையாக ஒரு நூல்.

அக்கா என் முன்னால் உட்கார்ந்து தன் வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்க முயன்றாள். அதே இரண்டு மேடு, அதே நூல்.

"அக்கா, இதை யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

"யாரும் கேக்கல" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன், குழந்தையை நாளைக்கே டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று. மாமா தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"பச்சப் புள்ள நாக்குல கத்தி வெக்கிறதா? அதெல்லாம் எங்க வம்சத்துலயே உள்ளதும்மா. வளந்தா தானா சரியாயிடும்."

"அக்காவுக்குச் சரியாச்சா மாமா?"

"அவளுக்கென்ன? ராணி மாதிரி இருக்கா. அதுவுமில்லாம பொம்பளப் புள்ளதானே, கொஞ்சம் கம்மியா பேசினா வீட்டுக்கு நல்லதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். என்னைக் குத்திக் காட்டுகிற சிரிப்பு. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அக்காவிடம், "நீயே சொல்லும்மா, உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

அக்கா திரும்பினாள். அவள் உதடு பிரிவதற்குள் அத்தை, "அவளுக்கு ஒரு கொறையும் இல்லன்னுதான் சொல்றா, பாருங்க" என்றார்.

அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் குழந்தை எழுந்து அலறியது. என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டேன்: "உங்க பொண்ணுக்கு என்ன நிறம் புடிக்கும்னு யாரு சொல்லணும்? அவளா, உங்க அம்மாவா?" அவருக்குப் புரியவில்லை. ஆனால் போனைக் கீழே வைத்தார். காலையில் வண்டி பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இரண்டு பேரும், குழந்தையும், அக்காவும் போனோம். கூடவே அத்தையும் வந்தார். பேத்தியை அறுத்துப் போட்டுவிடுவோம் என்று பயம். முதலில் ஒரு நர்ஸ் என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிப் பிடிக்கும் விதத்தை மாற்றினார், முகவாயைச் சாய்த்துக் கொடுத்தார். "சில குழந்தைக்கு இதுவே போதும்மா. நாக்கு ஒட்டு இருக்குற எல்லாருக்கும் வெட்டணும்னு கெடையாது" என்றார். என் குழந்தைக்கு அது போதவில்லை. அதே சத்தம், அதே நழுவல், அதே வலி. குழந்தை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் என்னிடம், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

அடுத்து டாக்டர். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கையுறை போட்ட விரலைக் குழந்தை சப்பக் கொடுத்து, நாக்கு எப்படி அசைகிறது என்று பார்த்தார். வயிற்றுக்குள் வளரும்போது நாக்கு வாயின் தரையோடு ஒட்டித்தான் இருக்குமாம். பிறப்பதற்குள் பிரிந்துவிடும். சிலருக்கு அந்தப் பிரிவு பாதியில் நின்றுபோகும். "யாரோட தப்பும் இல்ல. இவளுக்கு நுனி வரைக்கும் இழுக்குது, எடையும் ஏறல. எடுத்து விட்டா நல்லது. ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு, "இது குடும்பத்துல வர்றதுதான். உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

"என் பையனுக்கு இருந்துச்சு டாக்டர்" என்றார் அத்தை, பெருமையாக. "பால் குடிக்கச் செரமப்பட்டான். பொறந்த அடுத்த வாரமே வெட்டிட்டோம். பாருங்க, இப்ப எப்படிக் கணீர்னு பேசுறான்!"

நான் என் கணவரைப் பார்த்தேன். "எனக்கா?" என்றார். அவருக்கே தெரியவில்லை.

உள்ளே வரும்போது அக்கா வணக்கம் சொன்னதை டாக்டர் கவனித்திருக்கிறார் போல. அவர் அக்கா பக்கம் திரும்பினார். "இவங்களுக்கு?"

"இவளுக்கும் இருந்துச்சு" என்றார் அத்தை, நேற்று மழை பெய்தது என்று சொல்கிற குரலில். "இவ எப்படியோ குடிச்சுட்டா. வெட்டிடலாம்னு ஆஸ்பத்திரில சொல்லத்தான் சொன்னாங்க. இவங்கப்பாதான், பொண்ணுக்கு எதுக்கு, பேச்சு கம்மியா இருந்தா போற எடத்துல நல்ல பேரு கெடைக்கும்னு விட்டுட்டார்."

போற எடத்தில் நல்ல பெயர்! எந்த எடம்? ஒரே ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதைக் கேட்டுவிட்டுக் காபியை முடிக்காமல் எழுந்து போனார்கள். அதன் பிறகு எந்த எடமும் வரவில்லை. மடியில் குழந்தை இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி என் குரலைக் கேட்டிருக்கும்.

"அன்னைக்கு..." என்றாள் அக்கா.

"அன்னைக்கு இவ சின்னப் புள்ள டாக்டர், இவளுக்கு ஒண்ணும் தெரியா..."

"அம்மா. நான் முடிக்கல."

அக்கா டாக்டரைப் பார்த்தே பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கி வைத்துப் பேசினாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. யாரும் இடையில் புகவில்லை.

"அப்ப எனக்கு ஆறு வயசு. தம்பியோட கால நான்தான் புடிச்சிருந்தேன். நல்லா புடிச்சுக்கோ, தம்பிக்கு நாக்கச் சரி பண்ணப் போறோம்னு டாக்டர் சொன்னாரு. சரி பண்ணி முடிச்சுட்டாரு. அடுத்து நான்தான்னு நெனச்சேன். பக்கத்துல போயி வாயத் தொறந்துகிட்டு நின்னேன். டாக்டர் கையக் கழுவிட்டுப் போயிட்டாரு. ரொம்ப நேரம் நின்னேன். அம்மா வந்து, வாய மூடுடி, ஈ உள்ள போயிடும்னாங்க."

என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அத்தை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த ஈ ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

குழந்தையைத் துணியில் சுற்றினார்கள். நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டு, "யாராவது ஒருத்தர் கால் பக்கம் வாங்க" என்றார்.

"நான் புடிக்கிறேன்" என்றாள் அக்கா. "எனக்குப் பழக்கம்."

டாக்டர் நாக்கைத் தூக்கி, நூல் வெட்டுகிற கத்தரி மாதிரி சின்னதாக ஒன்றால் ஒரே வெட்டு. இரண்டு சொட்டு ரத்தம். தடுப்பூசிக்கு அழுத அளவுகூடக் குழந்தை அழவில்லை. உடனே என் மார்பில் போட்டார்கள். பிடித்தது. நழுவவில்லை. அந்த 'டிக் டிக்' சத்தம் இல்லை. விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. முழுசாகப் பழகச் சில நாள் ஆகும் என்றார் டாக்டர். ஆனது. ஆனால் அன்றைக்கே நான் பல்லைக் கடிக்காமல் பால் கொடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. ஒருத்திக்கு அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்க அந்த வீட்டுக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் மாமா, "அந்தக் காலத்துல அப்படித்தாம்மா" என்றார்.

"அதே காலத்துலதானே மாமா உங்க பையனும் பொறந்தார்?" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அக்காவுக்கும் பிறகு செய்தோம். வளர்ந்தவர்களுக்கு ஒரு வெட்டோடு முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த சவ்வைப் பிரித்துத் தையல் போட வேண்டும். பேச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும் பல மாதம் நாக்குக்குப் பயிற்சி கொடுத்தார். மேல் அண்ணத்தைத் தொடு, கன்னத்தைத் துழாவு, உதட்டைச் சுற்று. "இத்தனை வருஷப் பழக்கம், ஒரே நாள்ல பேச்சு மாறிடாது. சில சத்தம் வராமலே போகலாம்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அப்படித்தான் ஆயிற்று. சில எழுத்துகள் தெளிந்துவிட்டன, சில இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. தாடை வலி போய்விட்டது. இப்போது எங்களைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அத்தை பழக்கதோஷத்தில் இன்னும் வாக்கியத்தை முடிக்க வருவார். "நான் முடிக்கல" என்பாள் அக்கா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சலிக்காமல் சொல்வாள். மெஷின் பக்கத்தில் மூடித் தண்ணீர் மட்டும் இன்னும் இருக்கிறது. "இப்பதான் நாக்கு வருதே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டேன். "எச்சில் பண்ணித் தைக்கிறது அசிங்கம்" என்றாள்.

அவளுக்குச் சிகிச்சை நடந்த அன்று நானும் உள்ளே இருந்தேன். அக்கா நீலப் புடவையில் வந்திருந்தாள், அவளே போய் வாங்கியது. நாற்காலியைச் சாய்த்ததும் என் கணவர் வந்து அவள் காலருகே நின்று, இரண்டு பாதத்தையும் கையால் பிடித்துக்கொண்டார்.

"பெரியவங்களுக்கு யாரும் புடிக்க வேணாம் சார். வெளியில இருங்க" என்றார் நர்ஸ்.

அவர் விடவில்லை. அழுதுகொண்டிருந்தார். அழட்டும் என்று நினைத்தேன். அழுகையால் எதுவும் திரும்பி வராது, ஆனாலும் அந்த வீட்டில் ஒருத்தராவது அழ வேண்டும்.

டாக்டர் விளக்கைத் திருப்பினார். அக்கா வாயைத் திறந்தாள். மூடச் சொல்ல அங்கே யாரும் இல்லை.